மூணே கால் றாத்தல் பிள்ளையும் என் அக்காவும்

அக்கா போய் ஒரு வருஷம் ஆகிறது. இந்தத் திதிக்கு வந்து, இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு, இந்தச் சின்னப் புத்தகத்தைக் கையில் வாங்குகிற சொந்தக்காரர், அக்கம்பக்கத்தார், அக்காவின் கையில் வளர்ந்த பிள்ளைகள் எல்லோருக்கும் அக்காவின் ஒரே தங்கச்சி வணக்கம் சொல்லி எழுதுவது. நான் தோட்டத்து ஸ்கூலில் ரெண்டாம் வகுப்பு வரைக்கும்தான் போனேன். இப்போதைய ஸ்கூல் மாஸ்டர் தானே எழுதித் தருவதாகச் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். அவர் எழுதினால் சொல்லெல்லாம் அழகாக வரும், ஆனால் அவர் இந்தத் தோட்டத்துக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. எழுத்தில் பிழை இருந்தால் இருக்கட்டும். சொல்கிற விஷயத்தில் இருக்காது.

அக்கா பிறந்தது றக்வானைக்குப் போகிற ரோட்டை விட்டு மேலே ஏறுகிற நம்ம தோட்டத்தில், கீழ்ப் பிரிவு லயத்தில்தான், வரிசையாக ஒட்டிக் கட்டின ஒற்றைக் காம்பரா வீடுகளில் ஒன்றில். மேலே தேயிலை, கீழே ரப்பர். அப்பாவும் அம்மாவும் திருச்சிராப்பள்ளிப் பக்கமிருந்து கங்காணி கூட்டிவந்து கப்பல் ஏறினவர்கள். என்னைப் பெற்ற நாலாம் வருஷம் அம்மா காய்ச்சலில் போய்விட்டார்கள். அப்போது அக்காவுக்குப் பத்து வயது. அந்த வயதிலேயே அரைப் பேருக்கு வேலைக்குப் போனவர்கள் அக்கா. சின்னப் பிள்ளைகளுக்கு அரைச் சம்பளம்தான் எழுதுவார்கள், அதைத்தான் அரைப் பேர் என்போம். வேலை விட்டு வந்து என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டே அடுப்பு மூட்டுவார்கள். எனக்கு அம்மா முகம் நினைவில் இல்லை. அக்கா முகம்தான் இருக்கிறது. இதை முதலில் சொல்லி வைக்கிறேன், பின்னால் நான் எழுதப் போவதைப் படிக்கிறபோது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அக்காவை அதே பிரிவில் ரப்பர் பால் வெட்டுகிறவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மனுசர், அதிகம் பேசமாட்டார். அக்கா நாலு பெற்றார்கள். நாலும் சின்னப் பிள்ளை, மாசம் நிறையாமல் வந்தது. ஒன்றும் ஒரு மாசத்தைத் தாண்டவில்லை. அதற்குப் பிறகு அக்காவுக்குப் பிள்ளைக்காம்பராவில் ஆயா வேலை கொடுத்தார்கள். தாய்மார் மலைக்குப் போகிறபோது பிள்ளைகளை விட்டுப் போகிற இடம்தான் பிள்ளைக்காம்பரா. அந்த வேலையில் அக்கா இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இருந்தார்கள்.

துரை அங்கே பார்க்க வருகிற நாளில், கொழுத்த பிள்ளைகளாகப் பார்த்து முன்வரிசையில் உட்கார வைக்கும்படி கிளாக்கர் சொல்லிவிடுவார். அக்கா தலையை ஆட்டிவிட்டு, எலும்பும் தோலுமாக இருக்கிற பிள்ளைகளைத் தூக்கி முன்னால் வைப்பார்கள். கிளாக்கர் சத்தம் போட்டால், "கொழுத்தத காட்டுனா தொர சிரிச்சுட்டுப் போயிருவாரு. மெலிஞ்சத காட்டுனாத்தானே பால்மா வரும்" என்பார்கள். பால்மா வரத்தான் செய்தது.

எல்லாப் பிள்ளையும் ஒரு மாசம் போனால் அக்கா கையில்தான். ஆனால் அந்த ஒரு மாசத்துக்குள் அக்கா எந்தப் பிள்ளையையும் தொடக்கூடாது. யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, எல்லோருக்கும் தெரியும். நாலைப் பறிகொடுத்த கை, பச்சைப் பிள்ளைக்கு ஆகாது என்பது லயத்துப் பேச்சு. யார் வீட்டிலாவது பிள்ளை பிறந்தால் அக்கா அந்த வாசல் பக்கமே போகமாட்டார்கள். மலையிலிருந்து தண்ணி கொட்டுகிற பீலிக்குப் போகிறபோதுகூட வேலிப் பக்கமாகச் சுற்றிப் போவார்கள்.

நான் அதற்கு நேர்மாறு. எனக்கு ஆறு பிள்ளைகள், ஆறும் உயிரோடு. என் வீட்டுக்காரர் கங்காணி. அதனால் லயத்தில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் முதல் சீனித்தண்ணியை நாக்கில் தொட்டு வைக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். சேனை வைக்கிறது என்று சொல்வோம். வைக்கிற கையின் ராசி பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. நான் தலைநிமிர்ந்து போய் வைத்துவிட்டு வருவேன். அக்கா வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கும். அப்போது அவர்கள் மனம் என்ன பாடுபடும் என்று நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

அறுபத்து நாலாம் வருஷம், நாற்பது வயதில், எனக்கு மறுபடியும் வயிறு வந்தது. மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த நேரம். வெட்கமாக இருந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு மலைக்குப் போனேன். வயது போன காலத்தில் பிள்ளை பெருத்துவிட்டால் பெறமுடியாது என்று மருத்துவச்சி பயம் காட்டினாள். நானும் பாதி வயிறுதான் சாப்பிட்டேன். அக்கா பின்னேரம் ரெண்டு ரொட்டி சுட்டு எடுத்துவந்து என் கையில் கொடுத்துவிட்டு நான் தின்று முடிக்கும் வரை நிற்பார்கள். ஒரு வாய் கடித்துவிட்டு, அவர்கள் போனதும் பிள்ளைகளுக்குப் பிய்த்துக் கொடுத்துவிடுவேன். உள்ளே ரெண்டு இருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சாப்பிட்டிருப்பேனா என்று சொல்லத் தெரியவில்லை.

நல்ல மழை நேரம். மாசம் நிறைய இன்னும் ஆறேழு வாரம் இருந்தது. காலையில் கொழுந்து மலையில் வலி எடுத்து, தூக்காத குறையாகக் கொண்டுவந்து போட்டார்கள். முதலில் ஆண்பிள்ளை. மருத்துவச்சி தொப்புள்கொடியை வெட்டிவிட்டு, "இரு, இன்னொண்ணு இருக்கு" என்றாள். அது பெண்பிள்ளை. அழவில்லை, பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல்தான் வந்தது.

தோட்டத்து டிஸ்பென்சரியில் அப்போது யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் இருந்தார். குடையைப் பிடித்துக்கொண்டு தராசோடு வந்துவிட்டார். ஆண்பிள்ளை நாலரை றாத்தல். பெண்பிள்ளை மூணே கால், இப்போதைய கணக்கில் ஒன்றரைக் கிலோகூட இல்லை. கூடையைத் தூக்கிப் பார்த்தே எத்தனை றாத்தல் கொழுந்து என்று சொல்கிற கை என்னுடையது. அந்தப் பெண்பிள்ளையை வாங்கினபோது கையில் ஒன்றும் இருக்கிற மாதிரியே தெரியவில்லை.

ஐயா ரெண்டு பிள்ளையையும் இரத்தினபுரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். ஆனால் முதல் நாள் மழையில் ரோட்டில் மண் சரிந்து கிடந்தது, பஸ்ஸும் இல்லை லொறியும் இல்லை. அவர் என் காம்பராவுக்குள் குனிந்து நின்றுகொண்டே சொன்னார். "இதுகளுக்குச் சூடு குறையக் கூடாது. போத்தலில சுடுதண்ணி விட்டு, துணி சுத்திப் பக்கத்தில வையுங்கோ. தாய்ப்பால் குடுங்கோ. முக்கியமா, குளிப்பாட்டிப் போடாதேங்கோ." எல்லோரும் சரிங்க ஐயா என்றோம். அவர் அந்தப் பக்கம் போனதும் மருத்துவச்சி, பிள்ளை பெத்த வீட்டில் ஆம்பிளைக்கு என்ன தெரியும் என்றாள். நானும் சிரித்தேன். வலி குறையாத நேரத்திலும் சிரித்தேன்.

அதற்குப் பிறகுதான் அக்கா வந்தார்கள். பிள்ளை பிறந்த வீட்டு வாசலுக்கு அக்கா வந்தது அதுதான் முதல் தடவை. உள்ளே வரவில்லை. நிலைக்கு வெளியே மழைத்தண்ணி சொட்டச் சொட்ட நின்றார்கள்.

"தங்கச்சி, ரெண்டையும் ஒரே காம்பராவுல வெக்க வேணாம். ரெட்டையில ஒண்ணுக்கு நோவுன்னா மத்ததையும் இழுத்துக்கும்பாங்க. பொட்டப்புள்ளைய எங்கிட்ட குடு."

மருத்துவச்சி திரும்பிப் பார்த்தாள். "ஏன், நாலு போனது பத்தலையா? அஞ்சாவதும் ஒன் மடியிலயே போவணுமா?"

அக்கா அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். "ஆமா. போறதா இருந்தா என் மடியிலயே போவட்டும். இவ ஆறு பெத்தவ. இவளுக்குப் பழக்கமில்ல."

நான் கொடுத்தேன். அன்பில் கொடுத்தது இல்லை. சாகப்போகிற பிள்ளை என் காம்பராவில் சாக வேண்டாம், பையனையும் இழுக்க வேண்டாம் என்று கொடுத்தது. பதினெட்டு வருஷமாக, என் அக்காவுக்குப் பிள்ளை இல்லையே என்று நானே தூக்கிக் கொடுத்தேன் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லி வந்தேன். அது பொய்.

அக்கா அந்தப் பிள்ளையைத் தொட்டிலில் போடவில்லை. துணியில் சுற்றியும் வைக்கவில்லை. தன் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு, பிள்ளையை வெறும் மேலோடு தன் மாரில் நெட்டுக்கு வைத்து, மாமாவின் பழைய சாரத்தால் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். பிள்ளையின் தலையில் ஒரு துணிக் குல்லா. அதன் மேலே சேலை. இறக்கவேயில்லை. சமைக்கிறதும் அப்படியே, உட்கார்ந்து தூங்குகிறதும் அப்படியே. வேலைக்குப் போகவில்லை, பேர் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். அக்கா வெளிக்குப் போகிற நேரம் மாமா சட்டையைக் கழற்றிவிட்டுத் தன் நெஞ்சில் கட்டிக்கொள்வார். பால்வெட்டுக்காரன் பிள்ளை பெத்திருக்கான், போய்ப் பாருங்கடி என்று பெண்டுகள் சிரித்தார்கள். அக்காவைக் குட்டிக்குரங்கைக் கட்டிக்கொண்டு திரிகிற குரங்கு என்றார்கள். நானும் சொன்னேன்.

சீம்பால் ஆகாது என்று நம்ம ஆட்கள் மூன்று நாள் பாலைப் பீச்சி மண்ணில் விடுவார்கள். என் ஆறு பிள்ளைக்கும் நானும் அப்படித்தான் செய்தேன். அக்கா சங்கை எடுத்துக்கொண்டு ரெண்டு மணிக்கொரு தரம் என் வாசலுக்கு வந்தார்கள். "கீழ ஊத்துறதத்தானே கேக்குறேன், இதுல பீச்சிக் குடு" என்பார்கள். வீணாகப் போகிறதுதானே என்று பீச்சிக் கொடுத்தேன். மஞ்சளாகக் கொஞ்சம்போல வரும். அதைக் கொண்டுபோய்ப் பஞ்சுத் திரியில் நனைத்து, ஒரு சொட்டு, அது முழுங்கினபிறகு இன்னொரு சொட்டு என்று இறக்கினார்கள். என் பக்கத்தில் கிடந்த பையனுக்கு அந்தப் பால் கிடைக்கவில்லை. அவனுக்கு நான் சேனை வைத்தேன். நல்ல ராசிக் கையால் சீனித்தண்ணி கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் பையனைக் குளிப்பாட்டச் சொன்னேன். மருத்துவச்சிகூட மழை விடட்டுமே என்று இழுத்தாள். நான்தான் கேட்கவில்லை. ஆறும் குளித்து வளர்ந்த பிள்ளைகள், இவன் மட்டும் அழுக்கோடு கிடப்பதா என்றேன். வெந்நீர்தான் ஊற்றினாள். மூக்கை ஊதி, எண்ணெய் தேய்த்து, சாம்பிராணி காட்டி, சுற்றிக் கொண்டுவந்து என் பக்கத்தில் போட்டாள். நன்றாகத் தூங்கினான். நல்ல குளியல், பிள்ளை அசந்து தூங்குகிறான் என்று சொல்லிக்கொண்டேன். சுடுதண்ணிப் போத்தல் பக்கத்தில் இருந்தது, அது எப்போது ஆறினது என்று நான் பார்க்கவில்லை. பத்து மணி நிறுவைக்கு எல்லோரும் மலையில் நின்ற நேரம், லயத்தில் ஒரு சத்தம் இல்லை. சீனித்தண்ணிப் பஞ்சை வாயில் வைத்தேன். சப்பவில்லை. பாதத்தைத் தொட்டேன். மத்தியானம் சங்கு ஊதுவதற்குள் முடிந்துவிட்டது.

ரப்பர் மலை ஓரத்தில் அடக்கம் பண்ணினார்கள். பேர் வைக்கவில்லை. அக்கா தன் காம்பரா வாசல் வரைக்கும் வந்து நின்றார்கள், மழைச் சாரல் பிள்ளைக்கு ஆகாது என்று அதற்கு மேல் வரவில்லை. தங்கச்சி பிள்ளை செத்ததுக்குக் கூட வரவில்லை என்று பேசினார்கள். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். யார்மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது.

ரோடு திறந்ததும் ஐயா பெண்பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று அக்கா வீட்டுக்கு வந்தார். வந்தவர், கட்டை அவிழ்த்துப் பார்த்தாராம். பிள்ளை சிவந்து, சூடாக இருந்தது. உனக்கு இதை யார் சொல்லித் தந்தது என்று கேட்டிருக்கிறார். அக்கா சொன்ன பதிலைப் பிறகு ஐயாதான் என்னிடம் சொன்னார்.

அக்காவின் நாலாவது பிள்ளை பிறந்தபோது அக்காவுக்கே கடும் காய்ச்சல். பார்க்க ஆள் இல்லை, மாமா வேலைக்குப் போக வேண்டும். பிள்ளை ஆறு நாள் அக்காவின் மேலேயே கிடந்து, கிடந்தபடியே குடித்தது. கண்ணைத் திறந்து பார்த்ததாம். ஏழாம் நாள் உறவுக்காரப் பெண்டுகள் வந்து, தீட்டோடு கிடக்கிறாளே என்று தாயையும் பிள்ளையையும் குளிப்பாட்டிப் பிள்ளையைத் தனியாகப் போட்டார்கள். அன்றைக்கே போய்விட்டது. அந்தப் பெண்டுகளில் நானும் ஒருத்தி. எனக்கு அது மறந்தே போயிருந்தது. அக்கா ஐயாவிடம், "போத்தலு ஆறிரும்ங்க ஐயா, மனுசி ஆறமாட்டா" என்றார்களாம். ஐயா அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு வேண்டாம், இப்படியே இருக்கட்டும், நான் வாராவாரம் வந்து நிறுக்கிறேன் என்று போய்விட்டார்.

முதல் வாரம் கால் றாத்தல் குறைந்தது. அக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று மாமா சொன்னார். ரெண்டாம் வாரம் அப்படியே நின்றது. மூன்றாம் வாரம்தான் முள் கொஞ்சம் நகர்ந்தது. எனக்குப் பையன் போன மார்பில் பால் கட்டி வலித்தது. நான் அக்கா காம்பராவுக்குப் போய் உட்கார, அக்கா பிள்ளையை அவிழ்த்து என் மாரில் வைப்பார்கள், குடித்து முடித்ததும் வாங்கித் தன் மாரில் கட்டிக்கொள்வார்கள். ரெண்டரை மாசத்தில் ஆறு றாத்தல் ஆனபிறகுதான் அந்தப் பிள்ளைமேல் தண்ணி பட்டது. அக்காதான் பாக்கியம் என்று பேர் வைத்தார்கள்.

பாக்கியம் மூன்று வயது வரை அக்காவிடம்தான் இருந்தாள். அப்படி யாரும் முடிவு பண்ணவில்லை, இருந்தாள். ஒருநாள் சாயந்திரம் பீலிக்கரையில் எல்லோரும் குடம் வைத்துக்கொண்டு நிற்கிறோம். பாக்கியம் ஓடிவந்து, "சின்னம்மா, எங்கம்மா எங்க?" என்று என்னிடம் கேட்டாள். பெண்டுகள் குடத்தை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். கங்காணி பொஞ்சாதியை அவுங்க அக்கா சம்பளமில்லாம பால் குடுக்கத்தானே வெச்சிருந்தாங்க என்று ஒருத்தி சொன்னாள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேராக என் காம்பராவுக்குப் போனேன்.

அக்கா பிள்ளைக்காம்பராவைப் பூட்டிவிட்டு வந்து விஷயத்தைக் கேட்டிருக்கிறார்கள். சண்டைக்கு வருவார்கள் என்று நான் நல்ல நல்ல வார்த்தையாகச் சேர்த்து வைத்திருந்தேன். பிள்ளையின் கவுன் நாலைந்தை மடித்து எடுத்துவந்து வாசலில் வைத்தார்கள். உள்ளே பாக்கியம் அம்மா அம்மா என்று கத்துகிறாள். அக்கா என்னிடம், "அவளுக்குக் காலு எப்பவும் சில்லுன்னுதான் இருக்கும், பயந்துறாத" என்றார்கள். அவ்வளவுதான். போய்விட்டார்கள்.

பிள்ளை ஒரு மாசம் அழுதது, பிறகு மறந்தது. நான் வேலைக்குப் போனால் பிள்ளையை விட வேண்டியது பிள்ளைக்காம்பராவில், அங்கே அக்கா. அதற்காக என் ரெண்டாவது மகளை ஸ்கூலிலிருந்து நிறுத்தி வீட்டில் வைத்தேன். ரெண்டு வருஷம். அந்த மகள் இன்றைக்கும் கையெழுத்து மட்டும்தான் போடுவாள். மகளே, இதை யாராவது உனக்குப் படித்துக் காட்டுவார்கள். அது உன் தலையெழுத்து இல்லை, என் வீம்பு.

அதற்குப் பிறகு அக்காவும் நானும் தீபாவளிக்குப் பலகாரம் மாற்றிக்கொள்வோம், நல்லது கெட்டதுக்குப் போவோம், வருவோம். மாமா நெஞ்சுவலியில் போனபோது நான்தான் கூட இருந்தேன். ஆனால் அக்கா என்னைப் பார்க்கிறபோதெல்லாம், நீதானே அந்தப் பையனைக் கொன்றாய் என்று அந்தக் கண் கேட்பதாக எனக்குத் தோன்றும். அதற்காகவே நான் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன். ராசிக் கை என்று சேனை வைக்கக் கூப்பிட்டால் அப்போதும் போனேன்.

எழுபத்து மூணு, நாலு பஞ்சம் இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாவும் இல்லை, அரிசியும் இல்லை, மரவள்ளிக்கிழங்கும் கீரையும்தான். அந்த வயிற்றிலிருந்து வந்த பிள்ளைகளெல்லாம் அணில்குஞ்சாக வந்தன. அப்போது ஆகாத கை என்ற பேச்சு தானாக நின்றுபோனது. பெற்றவர்களே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அக்கா வாசலில் நின்றார்கள். அக்கா பிள்ளையைத் தான் வாங்கவில்லை. தாயின் மாரிலேயே வைத்து, எப்படிக் கட்டுவது, எப்படிச் சாய்ந்து தூங்குவது என்று காட்டிக் கொடுத்து, "அவுக்காத. அவுத்தா எங்கிட்ட வராத" என்று அனுப்புவார்கள். அன்றைக்கு அக்காவின் மடியைக் குத்திக் காட்டிப் பேசின அதே மருத்துவச்சி தன் மகள் பெற்றதைக் கொண்டுவந்து நின்றாள். அக்கா பழையதை ஒன்றும் சொல்லவில்லை. உக்காரு, தேத்தண்ணி குடி, என்றார்கள்.

எல்லாம் பிழைத்தது என்று எழுதினால் அது அக்காவுக்கே பிடிக்காது. கட்டியும் போன பிள்ளைகள் உண்டு. தாய்க்கே சாப்பாடு இல்லாதபோது மாரில் சூடு எங்கிருந்து வரும். அப்படிப் போன ஒவ்வொரு பிள்ளைக்கும் அக்கா மூன்று நாள் தலை முடியாமல் இருப்பார்கள். போன பிள்ளைகளை அக்கா எண்ணினார்கள். இருந்த பிள்ளைகளை எண்ணவில்லை.

பாக்கியம் பெரியபிள்ளையான வருஷம் யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள். என் முன்னால் வந்து நின்று, "நான் யாரு புள்ளை?" என்று கேட்டாள். அடிக்கத்தான் கை வந்தது. அடிக்கவில்லை. "வயித்துல இருந்து வந்தது எங்கிட்ட இருந்து. மிச்சத்தப் பெரியம்மாகிட்ட போய்க் கேளு" என்றேன். போனாள். அதன்பிறகு பாதி நாள் அங்கேதான். அக்கா அவளிடம் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. என்னைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை என்பது பாக்கியம் என்னைப் பார்க்கிற பார்வையில் தெரிந்தது.

போன வருஷம் அக்காவுக்கு இருமல் நெஞ்சில் இறங்கியது. கால் வீங்கியது. தோட்டத்து மருந்துக்கு அடங்கவில்லை, இரத்தினபுரியில் சேர்த்தோம். பாக்கியம் கூடவே இருந்தாள். நான் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பார்க்கப் போனேன். அக்கா கட்டிலில் சின்னப் பிள்ளை அளவுக்கு இருந்தார்கள். பாக்கியம் தேத்தண்ணி வாங்கப் போனதும் அக்கா என் கையைப் பிடித்தார்கள். இத்தனை வருஷமாக வராத அந்தப் பேச்சு இப்போது வரப்போகிறது, பையனைக் கேட்கப் போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"தங்கச்சி, நான் அன்னிக்கி ரெண்டையும் கேட்டிருக்கணும். ஆம்பளப் புள்ளையையும் கேட்டா ஒண்ணையும் தரமாட்டேன்னு சொல்லிருவியோன்னு பயந்துட்டேன். அதான் பொட்டைய மட்டும் கேட்டேன். அவனை விட்டுட்டு வந்துட்டேன். பதினெட்டு வருசமா எனக்கு அதுதான். நீ என்னைய மன்னிச்சுக்க."

அந்தக் கண்ணில் நான் பார்த்துப் பயந்துகொண்டிருந்தது இதைத்தான். அது என்மேல் குற்றம் சொல்கிற பார்வையே இல்லை.

நான் என்ன செய்தேன் என்றால், போர்வையை இழுத்து விட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன். பாக்கியம் தேத்தண்ணியோடு வந்தாள், நான் எழும்பி வந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலையில் தோட்டத்து ஆபீசுக்கு டெலிபோன் வந்தது.

அக்காவைக் கடைசி வரை பார்த்த ஆஸ்பத்திரி நர்ஸ் நோனாமாருக்கும், கூலி ஒன்றும் கேட்காமல் அக்காவை லொறியில் கொண்டுவந்து சேர்த்த டிரைவர் தம்பிக்கும், தப்படித்து, பாடை கட்டி, குழி வெட்டி நின்ற கீழ்ப் பிரிவு இளைஞர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்கா போவதற்கு முந்தின வருஷக் கலவரத்தில் நம்ம லயத்துக்கு நெருப்பு வைத்த நாளில் அக்காவையும் பாக்கியத்தையும் தன் வீட்டு அறையில் வைத்து வாசலில் தானே உட்கார்ந்துகொண்ட கிராமத்துச் சிங்கள நோனா, சாவுக்கும் வெள்ளைச் சேலை உடுத்தி வந்து நின்றார்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல எனக்குச் சிங்களமும் போதாது, தமிழும் போதாது. ஊருக்குப் போய்விட்ட யாழ்ப்பாணத்து ஐயா கடிதம் எழுதியிருந்தார், அதைப் பாக்கியம் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். கொள்ளிக்குடத்துக்குப் பின்னால் பெண்பிள்ளை வரக்கூடாது என்று சொன்னவர்கள், பாக்கியம் நடந்தபோது தடுக்காமல் வழிவிட்டார்கள். அவர்களுக்கும் நன்றி.

இனி எழுதுவது அக்காவுக்கு. மற்றவர்கள் படித்தாலும் சரிதான்.

அக்கா, அன்றைக்கு நீங்க பையனையும் கேட்டிருந்தா நான் ரெண்டையும் தந்திருக்க மாட்டேன். வாசலைச் சாத்தியிருப்பேன். ரெண்டும் என்கிட்டயே போயிருக்கும். நீங்க பயந்தது சரி, கேட்டதும் சரி. குளிப்பாட்டச் சொன்னது நான். பாலை அவனுக்குக் குடுக்காததும் நான். நீங்க யாரையும் விட்டுட்டு வரல்ல. ஆஸ்பத்திரியில இதைச் சொல்ல எனக்கு வாய் வரல்ல, அதனால அச்சுல போட்டுச் சொல்லுறேன். அந்தப் பையன் என் கணக்கு அக்கா. நீங்க தூக்கினது போதும், எங்கிட்ட குடுங்க.